எச்சில் ரோஜா

நேரு வீதித் துணிக்கடையில் காலை வெயில் கல்லாப்பெட்டி வரை வந்து நிற்கிறது. வால்வு ரேடியோ கரகரக்கிறது. முதலாளி சக்கரபாணி வெற்றிலை மென்றுகொண்டே கட்டைவிரலை வாய்க்குள் விட்டு நனைத்து, தலையணை உறையில் வரைந்திருக்கும் ரோஜாவின் மேல் அழுத்தித் தேய்க்கிறார். "சாயம் போவுதான்னு பாக்க வாணாமா?" எதிரே நிற்கும் தையல்நாயகி அந்த விரலையே பார்க்கிறாள். ஓர் இதழின் ஓரத்தைச் சிவப்பிலிருந்து மெல்ல வெளிறவைக்க, ஆறு மாதம் ஞாயிறுதோறும் வகுப்புக்குப் போய்க் கற்றிருக்கிறாள். பிள்ளைகள் தூங்கும் மதியங்களில் வரைந்த பன்னிரண்டு உறைகள், அவளுடைய முதல் ஆர்டர். யாரோ கன்னம் வைத்துப் படுக்கப்போகிற துணி. "தண்ணி தொட்டுப் பாருங்களேண்ணே." "தண்ணி எதுக்கு?" விரல் மறுபடி வாய்க்குள் போகிறது. சிவப்பு ரோஜாவில் வெற்றிலைச் சாறு தெரியாது என்பது அந்த மனிதருக்கு எவ்வளவு வசதி! ஈரம் மட்டும் பளபளக்கிறது, புகையிலை நாற்றத்தோடு. பன்னிரண்டில் பதினோரு உறைகளை அப்படியே தேய்த்துவிடுகிறார். "கெட்டியாத்தான் இருக்குது. மாசம் நாலு டஜன் குடும்மா." அம்மாவின் புடவையைப் பிடித்து நிற்கும் மூன்று வயது அஞ்சலாட்சி, எட்டி, தன் கட்டைவிரலை வாயில் நனைத்துப் பன்னிரண்டாவது ரோஜாவைத் தேய்க்கிறாள். "பாரேன், கத்துக்கிச்சு!" முதலாளி தொடையில் தட்டிச் சிரிக்கிறார். தையல்நாயகியும் சிரிக்கிறாள். சிரித்தபடியே மகளின் விரலை முந்தானையால் துடைக்கிறாள்; விரல் சிவந்த பிறகும், குழந்தை அழத் தொடங்கிய பிறகும், துடைத்துக்கொண்டே இருக்கிறாள்.