கோழித்தூக்கம்

தம்பியின் விரல்கள் முழுதாக விரியவும் இல்லை, இறுக மூடவும் இல்லை.

நாற்பத்தொரு நாள் துடுப்பைப் பிடித்த பிடியிலேயே நின்றுவிட்டன. உள்ளங்கைத் தோல் உரிந்து, தடவிய மருந்துக்கு அடியில் சிவப்பாகத் தெரிந்தது. தையல் மிஷின் ஊசியில் கண்ணை மூடிக்கொண்டு நூல் கோர்க்கிற கை. இப்போது ஒரு டம்ளரைப் பிடிக்கத் துப்பில்லை.

நேற்று மத்தியானம் கரையேறியவன், கூடத்துக் கட்டிலில் விழுந்து, அடித்துப் போட்ட மாதிரி இருபது மணி நேரம் தூங்கி, இப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருக்கிறான்.

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவனுக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். எதிரே அம்மாவின் அறைக்கதவு சாத்தியிருந்தது.

அம்மா போய் இன்றோடு பன்னிரண்டு நாள்.

அதை அவனிடம் சொல்ல வேண்டும். வந்ததும் வராததுமாகச் சொல்லிவிடாதீர்கள், உடம்பில் சக்தியே இல்லை, முதலில் வயிற்றுக்கு ஏதாவது போகட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அம்மா தூங்குகிறாள், அப்புறம் பார்க்கலாம் என்று அக்கா சொல்லி வைத்திருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். இந்தப் பால் தீரும்வரை மறைந்தால் போதும்.

அவனும் சரி என்று தலையாட்டியிருந்தான்.

அம்மாவுக்குக் கோழித்தூக்கம். அவள் படுக்கையில் விழுந்த இந்த மூன்று வருஷத்தில் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சிரித்ததில்லை. தும்மல் வந்தால் தெருவுக்கு ஓட வேண்டும். சட்டமெல்லாம் தம்பி போட்டது. நாற்காலிக் கால்களுக்கு சைக்கிள் டியூபை வெட்டி உறை மாட்டியவன் அவன்தான். மிஷினுக்கு விடுகிற எண்ணெயைக் கதவுக் கீல்களுக்கு விட்டு, நிலைச்சட்டத்தில் ரப்பர் ஒட்டியவனும் அவன்தான்.

அப்படிப்பட்டவன் எழுந்ததிலிருந்து தொண்டை கிழியப் பேசினான். படகை நிழலில் வைத்தாயா என்று கேட்டதும், இன்னும் தண்ணீர் கொடு என்றதும் தெருமுனைவரை கேட்டிருக்கும். ஆற்று இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய குரல் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். தன்னந்தனியாகப் போனவன் யாரோடு பேசினானாம்? படகோடு பேசியிருப்பான், பைத்தியக்காரன்.

ஆறு முழுவதையும் தனியாகத் துடுப்புப் போட்டே முடித்துக் காட்டுகிறேன், தனியாக என்றால் தனியாகத்தான் என்று போனைக்கூட வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனவன். அம்மாவுக்கு டாக்டர் மூன்று நாள் கெடு வைத்தபோது, உடனே புறப்பட்டு வா என்று அக்கா கடிதம் எழுதி, மோட்டார் படகுக்காரரிடம் கொடுத்து விரட்டினாள். அன்று முழுக்க, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், அம்மா உள்ளேயிருந்து, "தம்பியா?" என்பாள்.

சாயங்காலம் படகுக்காரர் வந்து, அம்மாவின் கதவு சாத்தியிருக்க, கூடத்தில் நின்று, எங்கே தேடியும் ஆளைப் பிடிக்க முடியவில்லை என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா உள்ளே போய், கடிதம் அவன் கைக்குப் போய்விட்டது, வந்துகொண்டே இருக்கிறான் என்று அம்மாவிடம் புளுகினாள். அதற்குப் பிறகு அம்மா, தம்பியா என்று கேட்கவே இல்லை. நம்பிவிட்டாள், நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தாள் என்று சொல்லித்தான் அக்கா இத்தனை நாளும் தன் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

பால் பாதி குறைந்திருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே கையை மாற்றினாள். டம்ளர் நழுவியது.

எவர்சில்வர் டம்ளர். தரையில் விழுந்து, குதித்து, உருண்டு, சுவரில் மோதி நின்றது. வீடே அதிர்ந்தது.

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டு அம்மாவின் கதவைத் திரும்பிப் பார்த்தாள். போய்ச் சேர்ந்தவள் எழுந்துவிடப் போகிறாளே என்று பயந்தது, பழகிப்போன உடம்பு.

தம்பி திரும்பவில்லை.

ஒரு கரண்டி விழுந்தால் பதறி எழுந்து, விரல் நுனியில் நடந்துபோய் அந்தக் கதவில் காதை வைக்கிறவன். இப்போது போர்வையில் சிந்திய பாலை மணிக்கட்டால் துடைத்துக்கொண்டிருந்தான்.

அக்கா அவனையே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவன் நிமிரவே இல்லை.

"கடுதாசி வந்துச்சுக்கா. நான்தான் பாக்கலைன்னு சொல்லச் சொன்னேன். இன்னும் பதினாலு நாள்தான் பாக்கி இருந்துச்சு."

அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. ஆறுதல் சொல்வதற்கென்று சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் வாயிலேயே கசந்தன.

எழுந்துபோய் வேறொரு டம்ளரில் பால் ஊற்றி, ஆற்றிக்கொண்டு வந்தாள். அவன் வாயருகே கொண்டுபோகவில்லை. கைக்கு எட்டுகிற மாதிரி ஸ்டூலின் மேல் வைத்தாள்.

பிறகு அம்மாவின் அறைக்குள் போய்க் கதவை ஓங்கி அறைந்தாள். அவன் ஒட்டிய ரப்பர் அதைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது.

சுருட்டி வைத்த மெத்தைக்குப் பக்கத்தில், வெறும் கட்டில் பலகைமேல் உட்கார்ந்தாள். இந்த மூன்று வருஷமும் கதவுக்கு வெளியில் இருந்தே சத்தத்தை அடக்கியவள். சாத்திய கதவுக்கு உள்ளே உட்கார்ந்து ஒரு நாளும் கேட்டதில்லை.

வெளியே கூடத்தில் டம்ளர் விழுந்தது. உருண்டது. நின்றது.

கொஞ்ச நேரம் கழித்துத் தம்பி, காற்றுக்கும் வலிக்காத குரலில், "அக்கா" என்றான். பக்கத்தில் உட்கார்ந்து சொன்ன மாதிரிக் கேட்டது.

படகுக்காரரும் அன்றைக்குக் கூடத்தில் நின்று அவ்வளவு மெல்லத்தான் சொன்னார்.