எடுத்துப் போட்டுடுங்க

டாக்டரின் மேசை விளக்கு ஸ்கேன் படத்தின் மேல் வெள்ளையாக விழுகிறது. தையல்காரி கறுப்புத் துண்டை நான்காக மடித்துப் போட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். துண்டு இல்லாமல் எங்கும் உட்காரும் தைரியம் அவளுக்குப் போய்விட்டது. பக்கத்தில் கணவன் வண்டிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருக்கிறான். "கட்டி எதுவும் இல்லம்மா. ரத்தப்போக்கு குறைய மாத்திரை இருக்கு. இல்லன்னா காப்பர் டி மாதிரியே, மருந்து சுரக்குற ஒண்ணை உள்ள வைக்கலாம். எதுக்கும் அடங்கலன்னாதான் கர்ப்பப்பைய எடுக்குற ஆபரேஷன்," என்று டாக்டர் அவளைப் பார்த்துச் சொல்கிறார். பதிலைக் கணவன் சொல்கிறான். "எடுத்துப் போட்டுடுங்க டாக்டர். ரெண்டு பெத்தாச்சு, இனிமே அது எதுக்கு? மாசாமாசம் வீட்டுல இந்த நாத்தத்தத் தாங்க முடியல." மின்விசிறி கடகடக்கிறது. டாக்டரின் பேனா எழுதாமல் நிற்கிறது. தையல்காரியின் காதுமடல் சிவந்து, அந்தச் சூடு கழுத்துவரை இறங்குகிறது. "உங்களுக்குப் பல் வலிச்சப்ப தாடையையே கழட்டச் சொன்னேனா?" "ஏய், டாக்டர் முன்னாடி வாய அடக்கு." "நீங்க வெளிய போய் உக்காருங்க," என்று தையல்காரி கதவைக் காட்டுகிறாள். சாவியின் சுழற்சி நிற்கிறது. அவன் அசையவில்லை. "எழுந்திரிங்க," என்கிறாள், குரலை உயர்த்தாமல். அவன் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டுப் போகிறான். கதவு அறைந்த அதிர்வில் மேசைமேல் இருந்த தம்ளர் தண்ணீர் நடுங்குகிறது. கதவின் மங்கல் கண்ணாடிக்கு அப்பால் அவன் நிழல் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறது. அவள் அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, "மொதல்லேர்ந்து சொல்லுங்க டாக்டர். எங்கிட்ட சொல்லுங்க," என்கிறாள்.