ஆறாவது நாளுக்கு ஒரு ரூம்

"நாப்பது பேரோட ஒரே ஹால்ல நான் படுக்க மாட்டேன். தனி ரூம் கிடைச்சா போவோம். இல்லேன்னா இந்த வருஷம் வேண்டாம்" என்றார் மாமனார்.

மருமகன் போனைக் காதிலிருந்து எடுத்தான். கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகிறது. மாமனார் குரலை உயர்த்தி அவன் கேட்பது இதுதான் முதல் தடவை.

சாப்பாட்டு மேஜை முழுக்க வரைபடம் விரிந்து கிடந்தது. நான்கு மூலைக்கும் நான்கு காலி டம்ளர்கள். நூற்றுத் தொண்ணூற்றெட்டு கிலோமீட்டர் பாதயாத்திரை. பதினோரு நாள் நடை, பத்து ராத்திரி தங்கல்.

மாமியார் தையல்காரர். சாலையின் மேல் வளைவுக்கு வளைவு சிவப்பு நூலை வளைத்து வைத்து, பிறகு அதை நிமிர்த்தி இஞ்ச் டேப்பில் அளந்து அந்தத் தூரத்தைக் கண்டுபிடித்திருந்தார். மருமகனின் போன் முந்நூறு மீட்டர் அதிகமாகக் காட்டியது. போன்தான் தப்பு என்று மாமியார் சொல்லிவிட்டார்.

மாமனார் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். எந்த ஊரில் எந்த ராத்திரி என்று நோட்டில் ஸ்டேஜ் ஸ்டேஜாக எழுதியிருந்தார். ஒன்பது ராத்திரிக்குத் தனி அறை கிடைத்துவிட்டது. ஆறாவதுதான் இடித்தது. ஐந்தாவது ராத்திரி தங்கும் ஊருக்கும் ஏழாவது ராத்திரி தங்கும் ஊருக்கும் முப்பத்தாறு கிலோமீட்டர். நடுவில் இருப்பது ஒரே ஒரு விடுதி. அதில் அறைகள் கிடையாது. ஒரு பெரிய கூடம், நாற்பது கட்டில்.

"ஒரு ராத்திரிதானே மாமா. அட்ஜஸ்ட் பண்ணிக்கக் கூடாதா?"

"என் குறட்டையைப் பத்தி உங்களுக்குத் தெரியாது மாப்பிள்ளை. பாவம், நாள் பூரா நடந்து வந்து படுத்திருப்பாங்க. அத்தனை பேர் வயித்தெரிச்சலும் எனக்கு எதுக்கு?"

"சாதாரணக் குறட்டையா அது?" யாத்திரைக்கான தோள்பைக்கு வார் தைத்துக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்தார். "டிப்போவுல பஸ்ஸை ஸ்டார்ட் பண்ற மாதிரி இருக்குமாம். எதிர் வீட்டுக்காரங்களே சொல்லியிருக்காங்க. நான் படுத்த உடனே தூங்கிடற ஆளு. அதனால பிழைச்சேன்."

"உங்க பொண்ணும் சொல்லியிருக்கா அத்தை" என்று மருமகன் சிரித்தான்.

மாமனார் சிரிக்கவில்லை. "முப்பத்தாறையும் ஒரே நாள்ல நடந்துட்டா என்ன?"

"யார் முட்டியை நம்பி? உங்க முட்டியையா, என் முட்டியையா?"

"அப்போ அந்தப் பதினெட்டு மட்டும் பஸ்ல போயிடலாம். எனக்கு பாஸ் இருக்கு."

"பாஸ் வச்சுப் போறதுக்குப் பேரு பாதயாத்திரையா?"

மாமியார் ஊசியைப் பையில் குத்தி வைத்தார்.

"விடுங்க. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

இருபது வருஷமாக அவர் சொல்லிவருவது அதுதான். யாத்திரைக்காலமும் பள்ளிச் சீருடை தைக்கும் காலமும் ஒன்றாகவே வரும். இந்த வருஷம்தான் இரண்டு பள்ளிக்கூடங்களுக்கு முடியாது என்று சொல்லியிருந்தார். இப்போது வரைபடத்திலிருந்து சிவப்பு நூலை எடுத்து, விரலில் சுற்ற ஆரம்பித்தார்.

மாமனார் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, அந்த விடுதிக்கு இன்னொரு தடவை போடுங்க. ஸ்பீக்கர்ல."

விடுதிக்காரர் அலுத்துக்கொண்டார். "அப்பவே சொன்னேனே சார், ரூம் இல்லைன்னு. பின்னாடி மோட்டாரை ஒட்டி சின்னதா ஒண்ணு இருக்கு. ரெண்டு கட்டில் போடலாம். ஆனா நாங்க யாருக்கும் கொடுக்கறதில்லை. ராத்திரி பூரா மோட்டார் ஓடும். மனுஷன் தூங்க முடியாது."

"அதுதாங்க வேணும்!" மாமனார் மேஜையைத் தட்டியதில் ஒரு டம்ளர் உருண்டது. "எவ்வளவு சத்தம் வரும்?"

"பக்கத்துல நின்னு பேசினாலும் கேக்காது சார்."

"ரொம்ப சந்தோஷம். பேரை எழுதிக்கோங்க."

விடுதிக்காரர் மோட்டார் ரூம்தானே என்று இன்னொரு தடவை கேட்டார். பிறகு எழுதிக்கொண்டார்.

"ஏங்க, உங்க சத்தம் போதாதுன்னு மோட்டார் சத்தம் வேறயா?" என்றார் மாமியார்.

"உனக்குக் கஷ்டமா இருக்குமோ?"

"முப்பத்தொரு வருஷம் உங்க பக்கத்துல தூங்கினவ நான். ஒரு மோட்டார் என்னை என்ன பண்ணிடும்?"

சொல்லிவிட்டு விரலிலிருந்த நூலைப் பிரித்து, மறுபடியும் சாலையின் மேல் வைத்தார். ஒரு வளைவைக்கூட விடவில்லை. கடைசி ஊரில் நூலின் முனையை ஒரு குண்டூசியால் குத்தினார்.

"கொஞ்சம் தலையைச் சாய்ச்சுட்டு வரேன்" என்று உள்ளே போனார்.

மாமனார் நோட்டில் ஆறாவது வரியை நிரப்பி, அடியில் கோடு போட்டார். மருமகன் உருண்ட டம்ளரை எடுத்து, அதன் மூலையில் வைத்தான்.

இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. படுக்கையறையிலிருந்து, டிப்போவில் பஸ்ஸை ஸ்டார்ட் செய்கிற மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது.

மருமகன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். எதிரே மாமனார் விழித்தபடி பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

அவர் எழுந்து போய், படுக்கையறைக் கதவை ஓசையில்லாமல் சாத்திவிட்டு வந்தார்.

"மாமா... அத்தைக்கு இது..."

"தெரியாது. தெரிஞ்சா வெளியிடத்துல ஒரு ராத்திரிகூடக் கண்ணை மூட மாட்டா."

"உங்க பொண்ணுக்கு?"

"தெரியும். அவளும் என்னைத்தான் கிண்டல் பண்ணுவா." மாமனார் குரலைத் தாழ்த்தினார். "நீங்களும் இப்போ இந்த வீட்டு ஆளு, மாப்பிள்ளை. ஞாபகம் வச்சுக்கோங்க. யார் கேட்டாலும், இந்த வீட்டுல குறட்டை விடறது நான்தான்."