ஹோலிஸின் சீட்டி

கனெக்டிகட் காட்டோரத்து வீட்டில் காலை வெயில் சமையலறை மேடைவரை வந்துவிட்டது. போன மாதம் கணவன் ஹோலிஸைக் கடித்த உண்ணியை லோர்னா டேப்பில் ஒட்டி, ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பக்கத்தில் ஃப்ரீசரில் வைத்திருக்கிறாள். தெருவே சிரித்தாயிற்று. "லைம் நோய் இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு. இன்னும் அதுக்கு எதுக்குடி இடம்? வாடகையா தருது?" என்கிறான் ஹோலிஸ். "கடிச்ச வாரமே ரத்தம் பாத்தா என்னத்தத் தெரியும்? உண்ணியால வர்ற அந்த நோய் வாரக்கணக்கா பதுங்கியிருந்து மூஞ்சி நரம்பையே முடக்கிடுமாம்" என்கிறாள் அவள். காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, ஜன்னல் வழியே வேலியோரத்து நாயைக் கூப்பிட அவன் உதட்டைக் குவிக்கிறான். ஊரையே எழுப்பும் அந்தச் சீட்டிக்குப் பதில் வெறும் காற்றுதான் வருகிறது. மறுபடி ஊதுகிறான். இடது வாயோரம் காப்பி வழிகிறது. நாய் தலைசாய்த்துப் பார்த்தபடி அங்கேயே நிற்கிறது. லோர்னா கரண்டியை மேடையில் வைத்துவிட்டு அவன் வாயோரத்தையே பார்க்கிறாள். "என்னடி அப்படிப் பாக்குற?" என்று அவன் சிரிக்கிறான். பாதி முகம்தான் சிரிக்கிறது.