துணி விலகும்வரை

"விருந்தினர் வர்றதுக்குள்ள அந்த நாத்தம் போயாகணும், சொல்லிட்டேன்!" போனில் கத்தினாள் யுவராணி.

சென்னீர்குப்பம் கல்லூரியில் அன்று 'அறிவியலும் சமூகமும்' கருத்தரங்கு. மாதக்கணக்கில் அலைந்து அவள் ஏற்பாடு செய்தது. நல்லபடியாக நடந்தால் அவளுடைய தற்காலிக வேலை நிரந்தரமாகும் என்று முதல்வரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். இன்றைக்கென்று பார்த்தா அரங்கத்துக்குப் பின்னால் கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டு பொங்கித் தொலைக்க வேண்டும்?

"லாரிக்கு சொல்லிக்கிறேன் மேடம். நசரத்பேட்டையாண்ட டிராபிக்ல மாட்டிகினு கீது. மத்தியானம் ஆவும்," என்றார் பராமரிப்பு மேற்பார்வையாளர் அழகேசன்.

"மத்தியானமா? விருந்தினர் மூக்கைப் பொத்திக்கிட்டு விளக்கேத்தணுமா?"

"அப்ப மேடைல கீறத கொஞ்சம் இந்தாண்ட தள்ளிகினு வந்தா..."

"அதைத் தொட்டீங்க, நடக்கிறதே வேற!"

மேடை நடுவில் பட்டுத்துணி போர்த்தி, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து நின்றது மாணவர்களின் புதுக் கண்டுபிடிப்பு. சிறப்பு விருந்தினர் துணியை விலக்கும்வரை யாரும் அதை அசைக்கக் கூடாது. முகூர்த்தத்துக்கு முன்னால் எவனாவது தாலியில் கை வைப்பானா? இந்த ஆளுக்கு விவஸ்தையே இல்லை.

"அப்ப எப்டி மேடம்?"

"எப்படியோ! அது உங்க பாடு. முடியலன்னா நீங்களும் உங்க ஆளுங்களும் நாளைக்கு வேலைக்கு வராதீங்க!"

விருந்தினரின் கார் வருவதற்குள் நாற்றம் அடங்கிவிட்டது. அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்! வரவேற்புரை முடிந்ததும், ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிடலாம் என்று யுவராணி பின்பக்கம் போனாள்.

குழாயடியில் துப்புரவுப் பணியாளர் துலுக்கானம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலையிலிருந்து கால்வரை கறுப்புச் சகதி. இடுப்பில் இன்னும் கயிறு கிடந்தது. அழகேசன் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இவர்... உள்ளே இறங்கினாரா?" யுவராணி அந்தக் கயிற்றைப் பார்த்துக் கேட்டாள்.

"பின்ன இன்னா பண்ணச் சொல்ற?" முதல்முறையாக அழகேசன் சீறினார். மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. "மூச்சு முட்டி உள்ளயே சாஞ்சிட்டாரு. கவுத்தப் புட்ச்சி இஸ்து வெளிய போட்டோம். எப்படியோன்னு சொன்னது நீதானே?"

துலுக்கானம் இருமினார். சிவந்த கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

"நேரத்துக்கு முட்ச்சிட்டனா மேடம்? வேலைக்கு ஒண்ணும் பங்கம் இல்லியே?"

அரங்கத்துக்குள் கைதட்டல் அதிர்ந்தது. துணியை விலக்கிய சிறப்பு விருந்தினரின் குரல் ஒலிபெருக்கியில் கணீரென்று கேட்டது: "இதோ, அடைப்பெடுக்கும் இயந்திரம்! இனி எந்த மனிதனும் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்க வேண்டாம்!"