அனுதாபம் என்றே போடு

“அனுதாபம்னு போடாதீங்கய்யா. வெளியாளுங்கதான் அப்பிடிப் போடுவாங்க.”

ஷிபா கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். செஞ்சி பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள அச்சகத்தில், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வடிவமைப்பது அவள் வேலை. பி.ஏ. தமிழ். அவள் வீட்டில் வேறு யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. ஒரு சொல் தப்பான இடத்தில் உட்கார்ந்தால் அவளுக்குக் கோபம் வரும்.

“நான் வெளியாளுதாம்மா” என்றார் வீராசாமி. “எனக்குத் தொண்டூரு. அந்தப் புள்ள அவலூர்பேட்டை.”

அவர் செல்போனில் பார்த்திபன் சிரித்துக்கொண்டிருந்தான். சாலை விபத்தில் போனவன்.

“சுவத்துல இருந்த போஸ்டரைப் படம் புடிச்சிருக்கீங்களா? அவங்க ஊட்ல கேட்டா நல்ல போட்டோ குடுப்பாங்களே.”

“கேக்க முடியாதும்மா.”

“ஏன், சாதியா?”

“அதெல்லாம் இல்ல.”

“சாவுக்குப் போனீங்களா?”

“தெருமுனை வரைக்கும் போனேன். அதுக்கு மேல கால் வரல.”

ஷிபாவுக்குச் சுர்ரென்று ஏறியது. “நேர்ல போய் ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்க, போஸ்டர் மட்டும் ஒட்டுவீங்க. ஊரு பாக்கணும், இல்ல?”

“ஊரு பாக்க இல்லம்மா. நாளைக்குக் கருமாதி. அவங்க அம்மா ஏரிக்கரைக்கு அந்தத் தெருமுனை வழியாத்தான் போவும். போஸ்டரு அது கண்ணுல பட்டாப் போதும்.”

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். அவர் திரையருகே குனிந்தார்.

“அந்தச் சிரிப்பு நல்லாத் தெரியணும்மா. கண்ணு கலங்கலா வந்துடப் போவுது... பெத்தவ பாக்கறது.”

அவள் குரல் தணிந்தது. “அப்ப ‘உங்கள் துயரில் பங்கேற்கிறோம்’னு போடறேன்யா. பக்கத்துல உக்காந்து கூட அழுவற மாரி இருக்கும்.”

“ஐயோ, வாணாம்மா!” பதறிவிட்டார். “பக்கத்துல உக்கார எனக்கு யோக்கியதை இல்ல. அனுதாபம்னே இருக்கட்டும். தள்ளி நின்னு சொல்லிக்கறேன்.”

“இவ்ளோ மனசை வெச்சுக்கிட்டு ஏன்யா தள்ளி நிக்கறீங்க? சரி, கீழ இன்னா முறைன்னு போடட்டும்? அந்தப் பையனுக்கு நீங்க யாரு?”

வீராசாமி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“ராங் சைடுல போய் அந்தப் புள்ள வண்டியில மோதினது எம் மவன்தாம்மா. அவனுக்கும் நாளைக்குத்தான் கருமாதி.”