தீர்த்தம் வாங்காத கை

டாக்டர் அறையின் மூலையில் தொங்கிய எலும்புக்கூட்டைக் கண்டதும் சூடாமணி அம்மாவின் புடவையைப் பற்றிக்கொண்டாள்.

"பயப்படாதே குழந்தே. மெட்ராஸ் சத்திரத்திலே செத்துப்போன யாரோ. கேட்க ஆளில்லைன்னு படிப்புக்குக் கொடுத்துட்டா. நாலு வருஷமா எனக்குத் துணை" என்று சிரித்தார் டாக்டர் பட்டாபி. "உள்ளங்கையை மேலே திருப்பு, பார்ப்போம்."

அவளால் முடியவில்லை.

"கோயில்லே தீர்த்தம்கூட வாங்க முடியலை டாக்டர். திமிருன்னு பூஜை பண்ற போத்தி வையறார்" என்றாள் அம்மா பாகீரதி.

"திமிரில்லை. முன்கையிலே ரெண்டு எலும்பும் பிறவியிலேயே ஒட்டிண்டிருக்கு. இப்படி இன்னொரு கையைத்தான் பார்த்திருக்கேன். இது வம்சத்திலே வரும். வேறே யாருக்காவது உண்டோ?"

"இவ அப்பாவுக்கு இருக்கு. அஞ்சு வருஷம் முன்னாடி காசிக்குப் போனார். லெட்டர் இல்லை. இவளுக்கு வரன் பாக்கறதுக்குள்ளே வந்துடுவார்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "மெட்ராஸ் வழியாவா போனார்?"

"ஆமாம். ஏன் கேக்கறேள்?"

அவர் மூலைப் பக்கம் திரும்பினார். இதற்குள் பயம் தெளிந்த சூடாமணி, எலும்புக்கூட்டின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இந்த மாமாவுக்கும் என்னை மாதிரியே கை திரும்பலை."

பட்டாபி அவசரமாகத் திரையை இழுத்தார். பாகீரதியின் கை மெல்ல நெற்றிக் குங்குமத்துக்குப் போயிற்று.